அரசாங்க உத்தியோகமும் ஊரார் அறிவும்



"அரைக்காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம்" என்பது நம் முன்னோர் வாயிற் பயின்று வந்த பழமொழி. அரசாங்கச் சேவையின் நிலைபேற்றையும் மதிப்பையும் அப்பழமொழி எடுத்துச் சொல்லுகின்றது. ஆயின் அதனுள்ளே வேறொரு செய்தியும் அடங்கியிருக்கின்றது. சம்பளம் அரைக்காசென்பது ஊருக்குத் தெரிந்திருந்தாலன்றி அப்படியொரு பழமொழி எழுந்திராது. அரசாங்கத்தில் எத்தனை பதவிகள் உள்ளன, அவற்றில் யார் அமர்ந்திருக்கின்றனர், அவர்கள் பெறும் ஊதியம் யாது என்னும் மூன்றினையும் குடிமக்கள் அறிந்துகொள்ளலாமா, அறிந்துகொள்வதால் விளையும் நன்மை யாது என்பதே இன்று நாம் ஆராயப்போகும் பொருள்.

மட்டக்களப்பு வாவியை நீங்கள் அறிவீர்கள். வாவிக்குக் கிழக்கே கடலை அடுத்துள்ள நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாகப் பரந்து கிடக்கும் நிலம் படுவான்கரை. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதன் பின்னர்ப் போக்குவரத்து ஓரளவு இலகுவாயிற்று. எனினும் குருமண்வெளித் துறையில் நின்று மண்டூருக்குப் பாதையேறிச் சென்றவர்களுக்கு, ஒரு கரையினின்றும் மறு கரைக்குப் போய்க் கடமையாற்றுவதன் வருத்தம் இன்னதென்று சொல்ல வேண்டியதில்லை.

படுவான்கரையில் ஒரு கிராமத்துப் பாடசாலையை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். பெயர் எதுவாயினும் ஆகுக. அங்கே கணித ஆசிரியர் இல்லையென்று பெற்றோர் முறையிடுகின்றனர். "வெற்றிடம் இல்லை, ஆளணி நிரம்பியிருக்கின்றது" என்று மறுமொழி வருகின்றது. இரண்டும் எவ்வாறு உண்மையாதல் கூடும்? அந்தப் பாடசாலைக்குரிய கணித ஆசிரியர் பதவியில் ஒருவர் நியமனம் பெற்றிருக்கலாம். ஏதோவொரு காரணத்தால் அவர் தற்காலிக இணைப்பாக வேறோரிடத்திற் கடமை புரியலாம். ஏட்டிலே பதவி நிரம்பியிருக்கும். வகுப்பறையிலே நாற்காலி வெறிதாயிருக்கும். பெற்றோர் பொய் சொல்லவில்லை. அலுவலகமும் பொய் சொல்லவில்லை. இடையே மறைந்து நிற்பது ஒரு சிறு தகவல் மட்டுமே. அத்தகவல் வெளிப்பட்டால் வழக்கு ஒரு நாளிலே தெளிவாகும். வெளிப்படாவிட்டால், பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் நாள்வரை அது இழுபட்டுச் செல்லும். தகவலை மறைப்பதால் வருவது கணக்கிலே காணும் நட்டம் மட்டுமன்று. ஒரு பிள்ளையின் எதிர்காலமும் அதனோடு போகின்றது.

இனி, இவற்றை அறிவதற்கு நமக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். உத்தியோகத்தருக்குச் சம்பளம் கொடுப்பது திறைசேரி. திறைசேரியை நிரப்புவது யார்? வருமான வரி செலுத்தும் செல்வர் மட்டுமா? 2024ஆம் ஆண்டு ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி நூற்றுக்குப் பதினெட்டாக உள்ளது. வரிவிலக்குப் பெறாத பொருள் எதனைக் கடையில் வாங்கினும் அதன் விலைக்குள்ளே அவ்வரி அடங்கியிருக்கின்றது. வாவியிலே வலை வீசுகின்ற தொழிலாளியும், வயலிலே களை பிடுங்குகின்ற பெண்ணும் அதனைக் கொடுத்தே வருகின்றனர். 2016ஆம் ஆண்டின் தொகைமதிப்பின்படி, முப்படையினரைச் சேர்க்காமலே, அரச, பகுதி அரசத் துறைகளிற் பணியாற்றியோர் தொகை ஏறத்தாழ 11 இலட்சம். இத்துணைப் பெருஞ் சேவையைத் தாங்கி நிற்பவர்கள், அது எவ்வாறு அமைந்துள்ளதென்று அறிய விரும்புவது வீண் ஆவல் ஆகுமா? ஆகாது. வேலைக்கு ஆள் வைத்தவன், ஆள் வந்தானா என்று கேட்பது போன்றதே அது.

இது மேனாட்டார் நமக்குக் கற்றுத் தந்த புதுமை என்று சிலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. நம் நாட்டிலே மிகிந்தலையில், பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட நான்காம் மகிந்தன் காலத்துக் கற்பலகைகள் இரண்டு இன்றும் நிற்கின்றன. அங்குள்ள விகாரையிற் பணிபுரிந்தோர் இன்னின்னார், அவரவர்க்கு நாளொன்றுக்கு அரிசி இவ்வளவு, நிலம் இவ்வளவு என்று அவற்றிலே செதுக்கப்பட்டிருக்கின்றது. நாட்கணக்கு எழுதப்பட வேண்டும். ஆண்டு முடிவிலே கணக்கு சங்கத்தார் நடுவே ஒப்புவிக்கப்பட வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு.

தஞ்சைப் பெருங்கோயிலின் சுவரிலும் இதனையே காண்கின்றோம். முதலாம் இராசராசனின் இருபத்தொன்பதாம் ஆட்சியாண்டிலே, அதாவது 1014ஆம் ஆண்டளவிலே, கோயிற் பணிக்கமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், அவர்கள் வந்த ஊர், அவர்கள் குடியிருந்த தெருச்சிறகு, வீடு யாவும் கல்லில் வெட்டப்பட்டன. ஒருவருக்கு ஒரு பங்கு. பங்கொன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். நட்டுவர், கணக்கர், தையற்காரர், குயவர், வண்ணார், தச்சர் முதலியோரின் பங்குகளும் அவ்வாறே குறிக்கப்பட்டன. கல்லில் வெட்டியதன் நோக்கம் என்ன? பின்னால் வரும் எவரும் அதனைக் குறைக்கவோ கூட்டவோ மறைக்கவோ கூடாதென்பதன்றோ?

மட்டக்களப்புத் தேசத்திலும் இதற்குரிய அடையாளங்கள் உள. இங்குள்ள பெருங்கோயில்களிலே வண்ணக்கர் என்னும் பதவி இன்றும் நிலவுகின்றது. பழந்தமிழிலே நாணயத்தை நோட்டம் பார்த்துத் தரம் சொல்பவனுக்கே வண்ணக்கன் என்று பெயர். நல்ல காசையும் கள்ளக் காசையும் பிரித்தறிபவன் பெயரைக் கோயிற்பொருளுக்குப் பொறுப்பாளர்க்குச் சூட்டிய நம்மவர் கருத்து நினைத்துப் பார்த்தற்குரியது. வயற்புறத்திலும் அவ்வாறே. நீர்ப்பாய்ச்சலையும் வேலியடைப்பையும் மேற்பார்வை செய்யும் வட்டைவிதானைக்கு நெல்லளந்து கொடுத்தவர் அந்த வட்டையிற் பயிரிட்ட கமக்காரரே. ஏக்கருக்கு எவ்வளவு நெல் அவருக்குரியது என்பது வரப்பிலே நின்ற ஒவ்வொருவனுக்கும் தெரியும். நீர் வராவிட்டால் அவரை நேரே கேட்கும் துணிவும் அந்த அறிவிலிருந்தே பிறந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியிலே நிலைமை வேறு வடிவம் கொண்டது. அக்காலத்து ஆட்சியாளர் ஆண்டுதோறும் நீலப் புத்தகம் என்றொரு பெருந்தொகுதியைத் தயாரித்தனர். குடியேற்ற நாட்டில் உள்ள உத்தியோகத்தர் பெயர், பதவி, நியமனம் பெற்ற நாள், ஆண்டுச் சம்பளம் ஆகியவற்றை அட்டவணைகளாக எழுதி லண்டனுக்கு அனுப்புவது அதன் நோக்கம். சிவில் சேவைப் பட்டியல் என்ற நூலும் வெளியிடப்பட்டது. புளியந்தீவிலே, போர்த்துக்கேயர் 1628இற் கட்டி, ஒல்லாந்தர் 1638இற் கைப்பற்றிய கோட்டைக்குள் நெடுங்காலம் இயங்கிய கச்சேரியின் உத்தியோகத்தரும் அக்கணக்குக்கு உட்பட்டவர்களே. ஆயினும் அக்கணக்கு மேல்நோக்கிச் சென்றதேயன்றிக் கீழ்நோக்கி வரவில்லை. 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டத்தின்படி ஆண்டுக்கு ஆறு நாள் உடலுழைப்பையோ அதற்கீடான பணத்தையோ கொடுத்தவனும், 1892இல் நெல்வரி ஒழிக்கப்படும்வரை விளைச்சலில் ஒரு பங்கைச் செலுத்தியவனும் வாவிக்கரைக் குடியானவனே. கச்சேரியின் கணக்கை லண்டனிலிருந்த அமைச்சர் படிக்கலாம். அதற்குப் பணம் கொடுத்தவனோ தன் மொழியில் ஒரு வரியும் கண்டானல்லன். அன்று கணக்கு எழுதப்படாமல் இருக்கவில்லை. அது யாருக்கு எழுதப்பட்டது என்பதிலேயே குறை இருந்தது.

இக்குறையை நீக்கும் சட்டம் நம் நாட்டிலே வந்து சில ஆண்டுகளே ஆகின்றன. 2015ஆம் ஆண்டிலே நிறைவேறிய பத்தொன்பதாம் திருத்தத்தினால், தகவலைப் பெறும் உரிமை அரசியலமைப்பின் 14அ உறுப்புரையாகச் சேர்க்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம், 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் திகதி செயற்படத் தொடங்கிற்று. அதன் 8ஆம் பிரிவு, ஒவ்வோர் அமைச்சரும் ஜூன் 30, டிசம்பர் 31 ஆகிய திகதிகளுக்கு முன்னர், ஆண்டுக்கு இருமுறை, தமது அமைச்சின் அமைப்பு, பணிகள், உத்தியோகத்தரின் அதிகாரங்கள், கடமைகள் முதலியவற்றை வெளியிட வேண்டுமென விதிக்கின்றது. சட்டத்தின்கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகளோ இன்னும் ஒருபடி மேற்செல்கின்றன. எவரும் கேளாமலே பொது நிறுவனங்கள் தாமாக வெளியிட வேண்டியவற்றுள், நிறைவேற்றுத் தரத்து உத்தியோகத்தரின் பெயர், தொடர்பு விபரம், சம்பளம், படிகள் ஆகியனவும் அடங்கும்.

அவ்வாறாயின் ஏனைய தரத்தாரின் சம்பளம் இரகசியமோ என்று நீங்கள் வினவலாம். இல்லை. அரசாங்கச் சம்பளம் ஆளைப் பார்த்துப் பேரம் பேசி நிர்ணயிக்கப்படுவதன்று. பதவிக்கும் தரத்துக்கும் ஏற்ப விதிக்கப்படுவது. பொது நிருவாக அமைச்சு வெளியிடும் சுற்றறிக்கைகளிலே, ஆரம்ப நிலை முதற்கொண்டு நிறைவேற்றுத் தரம் வரை, ஒவ்வொரு சம்பள அளவுத்திட்டமும் அதன் ஆண்டு ஏற்றங்களோடு அச்சிடப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, 2025ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சுற்றறிக்கை மிகக் குறைந்த மாத அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்திற்று. அவ்வுயர்வு 2025 ஏப்பிரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என மூன்று கட்டங்களில் வழங்கப்படும் வகையில் அமைந்தது. ஆகவே ஒருவரின் பதவியும் தரமும் சேவைக்காலமும் தெரிந்தால், அவருடைய அடிப்படைச் சம்பளத்தை எவரும் கணக்கிட்டுவிடலாம்.

இன்னும் இரண்டு ஏடுகள் உள. ஒன்று, ஆண்டுதோறும் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படும் வரவு செலவுத்திட்ட மதிப்பீடு. ஒவ்வொரு திணைக்களத்துக்கும் எத்தனை பேர் ஆளணி என்பதும், அதற்குரிய செலவும் அதிலே காணப்படும். 1001 என்ற இலக்கத்தின் எதிரே இருப்பது சம்பளமும் கூலியும். 1002 என்பது மேலதிக நேர, விடுமுறை நாட் கொடுப்பனவு. 1003 என்பது ஏனைய படிகள். மற்றையது, வெள்ளிக்கிழமைதோறும் வெளிவரும் அரசாங்க வர்த்தமானி. நிரப்பப்படவிருக்கும் பதவிகளும், அவற்றுக்கு வேண்டிய தகைமைகளும், சம்பள அளவும் அதிலே அறிவிக்கப்படுகின்றன. அவ்வறிவித்தலைக் கண்டவன் விண்ணப்பிப்பான். காணாதவன், "அவருக்குச் சொன்னால் வேலை கிடைக்கும், இவருக்குக் கொடுத்தால் வேலை கிடைக்கும்" என்று இடைத்தரகரின் பின்னே அலைவான். பதவியும் தகைமையும் வெளிச்சத்தில் இருக்குமிடத்திலே தரகனுக்கு விற்பதற்குச் சரக்கில்லை.

சம்பளத் திட்டம் அச்சிலே இருந்தால் மட்டும் போதுமா? போதாது. திட்டம் பொதுவானது, மோசடியோ எப்பொழுதும் குறிப்பான ஒரு பெயரிலேயே நிகழும். இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்திலே இதற்கோர் அரிய சான்று உண்டு. 1994ஆம் ஆண்டு டிசம்பரிலே, கோட்கிரானா என்னும் சிற்றூரில், உழைப்பாளர் விவசாயிகள் சக்திச் சங்கத்தார் ஒரு மக்கள் விசாரணையைக் கூட்டினர். அருணா ராய் முதலியோர் அச்சங்கத்தை வழிநடத்தினர். பொதுவேலைகளுக்குரிய கூலிப் பதிவேடுகளிலிருந்த பெயர்களும் தொகைகளும் ஊரார் நடுவே உரக்க வாசிக்கப்பட்டன. அவ்வேலைக்குப் போகாதவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தமை அம்பலமாயிற்று. கணக்காய்வாளர் ஏட்டைப் பார்த்தால், கூட்டல் சரியா, ஒப்பம் உண்டா என்றுதான் காண்பார். ஏட்டிலுள்ள பெயருக்குரியவன் அன்று வேலைத்தலத்தில் நின்றானா, ஊரிலேயே இருந்தானா என்பது அயலவனுக்கே தெரியும். அத்தகைய கூட்டங்களின் பயனாக வளர்ந்த இயக்கமே, 2005ஆம் ஆண்டின் இந்தியத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழி திறந்தது. அச்சட்டம் ஒவ்வோர் அலுவலரும் ஊழியரும் பெறும் மாத ஊதியத்தைத் தாமாகவே வெளியிடுமாறு நிறுவனங்களைப் பணிக்கின்றது. சுவீடன் நாடோ 1766ஆம் ஆண்டிலேயே அரசாங்க ஏடுகளைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டது.

இத்துணையும் கேட்ட அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரின் மனம் சற்றே கலங்கக் கூடும். "என் சம்பளத்தை ஊரெல்லாம் அறிந்தால், கடன் கேட்டு வருவார், பெண் கேட்டு வருபவர் கணக்குப் பார்ப்பார், எனக்கென்று ஓர் அந்தரங்கம் வேண்டாமா?" என்று அவர் கேட்பார். இது புறக்கணிக்கத்தக்க கேள்வியன்று. சட்டமும் இதனைப் புறக்கணிக்கவில்லை. பொது நடவடிக்கையோடோ பொது நலனோடோ தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலை வெளியிட மறுக்கலாம் என்று 5ஆம் பிரிவு கூறுகின்றது. பெரியதொரு பொது நலன் வேண்டினாலன்றி அந்தரங்கத்தினுள் நுழைதல் ஆகாதென்பது அதன் கருத்து.

ஆதலின் எல்லையை நாம் தெளிவாக வகுத்துக்கொள்ளல் வேண்டும். பதவி, தரம், கடமை நிலையம், சம்பள அளவு, பதவிக்காகப் பெறும் படிகள் ஆகியன பொதுமக்களுக்குரியன; ஏனெனில் அவை பொதுப்பணத்திலிருந்து பொதுக்கடமைக்காகப் பிறப்பவை. சம்பளம் கையில் வந்த பின்னர் அதற்கு நேர்வது வேறு. வீட்டுக் கடனுக்கு எவ்வளவு கழிக்கப்படுகின்றது, விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய நிதிக்கு எவ்வளவு போகின்றது, எந்த வங்கியிற் கணக்கு உள்ளது, எந்த நோய்க்காக விடுப்புப் பெற்றார் என்பன அவருடைய சொந்த விடயங்கள். அவருடைய வீட்டு முகவரியும் அவ்வாறே. சிறப்பாகத் தூரக் கிராமங்களிலே தனித்துத் தங்கிக் கடமை புரியும் பெண் உத்தியோகத்தர் விடயத்திலே இதனை மறத்தல் ஆகாது. அலுவலகத்தின் வாயில் திறந்திருக்கலாம். வீட்டின் வாயிலைத் தள்ளித் திறக்க நமக்கு உரிமையில்லை.

மேலும், இத்தகைய வெளிப்படை நேர்மையான உத்தியோகத்தருக்கே முதற் பாதுகாப்பு. ஒரு கிளாக்கரின் மாத ஊதியம் இவ்வளவே என்று ஊர் அறிந்திருந்தால், அவர் சிக்கனமாய்ச் சேர்த்துக் கட்டிய சிறு வீட்டைக் கண்டு எவரும் வாயில் வந்தபடி பேசார். ஒரே அலுவலகத்தில் ஒரே வேலை செய்யும் இருவரில் ஒருவருக்குப் பதவியுயர்வு தவறியிருந்தால், தமக்குரியதைக் கேட்க அந்த ஏடே அவருக்குத் துணையாகும். பல்லாண்டு கஷ்டப் பிரதேசத்திலேயே கடமையாற்றி இடமாற்றம் கிடையாது வருந்தும் ஆசிரியைக்கும், யார் யார் எத்தனை ஆண்டு எங்கே இருந்தனர் என்ற விபரமே சிறந்த சாட்சி. மறைவினால் நன்மையடைபவர் சிலர். அதனால் நட்டமடைபவரோ பெரும்பாலும் சிபாரிசு இல்லாத நல்லவர்கள்.

இனி, தகவல் கேட்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லுகின்றேன். ஒவ்வொரு பொது நிறுவனத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். உங்கள் பிரதேச செயலகத்திலும், வலயக் கல்வி அலுவலகத்திலும் அவரைக் காணலாம். அவருக்குத் தமிழிலே ஒரு கடிதம் எழுதினால் போதும். அதற்கென ஒரு படிவம் உண்டெனினும் அதனையே பயன்படுத்த வேண்டுமென்ற கட்டாயமில்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்கலாம். அதனை எழுத்திலே பதிய உதவுவது அலுவலரின் கடமை. ஏன் கேட்கிறீர்கள் என்பதற்கு நீங்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கடிதம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை மறவாமற் பெற்றுக்கொள்ளுங்கள்.

பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர் முடிவு கூற வேண்டும். மறுத்தால், பதினான்கு நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம்; அவர் மூன்று வாரங்களுள் முடிவு சொல்லுதல் வேண்டும். அங்கும் நியாயம் கிடையாவிட்டால், இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவை நாடலாம். அதற்கு மேலும் மேன்முறையீட்டு நீதிமன்றம் உண்டு.

ஆயினும் கேள்வியை அமைக்கும் விதத்திலேயே பாதி வெற்றி அடங்கியிருக்கின்றது. "இந்த அலுவலகத்தில் ஏன் ஒன்றும் நடப்பதில்லை?" என்பது முறைப்பாடு, அதற்கு ஏட்டில் விடையில்லை. "எங்கள் பாடசாலைக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் ஆளணி பாடவாரியாக எத்தனை? இன்றைய திகதியில் அங்கே உண்மையாகக் கடமை புரிவோர் எத்தனை பேர்? அப்பாடசாலை ஆளணியிலிருந்து வேறிடங்களுக்கு இணைக்கப்பட்டோர் எத்தனை பேர், எந்த ஆணையின்படி, எந்தத் திகதி வரை?" என்று கேட்பதே தகவற் கேள்வி. இதிலே எவரையும் குற்றஞ்சாட்டும் ஒரு சொல்லுமில்லை. எவருடைய அந்தரங்கமும் இதனாற் கலைவதில்லை. ஆயினும் விடை வந்த அன்றே, வெற்றிடம் இல்லையென்ற பேச்சின் உண்மை வெளியாகும். அவ்விடையைக் கையிற் கொண்டு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தார் வலயக் கல்விப் பணிப்பாளரைக் காணச் செல்வார்களாயின், அவர்கள் பேச்சுக்கு மதிப்பு வேறாக இருக்கும். இணைப்பு நியாயமானதென்று தெரிந்தால், பதிலாசிரியரைக் கேட்கலாம். நியாயமற்றதென்று தெரிந்தால், அதனை இரத்துச் செய்யக் கேட்கலாம். எதுவாயினும் ஊகத்தில் நின்று பேசும் நிலை மாறும்.

நேயர்களே, வாவி நீர் கலங்கியிருக்கும்போது தோணிக்காரன் கோலினால் ஆழம் பார்த்தே செல்கின்றான். தெளிந்திருக்கும்போது அடியிலுள்ள கல்லும் வேரும் கண்ணுக்குத் தெரிகின்றன. தெளிந்த நீரினாற் கல் அகன்றுவிடுவதில்லை. ஆயினும் அதிலே மோதாமற் போகும் வழி தெரிகின்றது. அரசாங்கக் கணக்கும் அத்தகையதே. தகவல் வெளியானவுடன் எல்லாக் குறைகளும் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கேட்பவர் இல்லாவிட்டால் சட்டம் ஏட்டிலேயே உறங்கும். கேட்பதும் பகைமைக்காகவன்றிப் பொதுநலத்துக்காக இருத்தல் வேண்டும். கோயிற் காசைத் தட்டிப் பார்த்து நல்லதெனச் சொன்ன வண்ணக்கனை எவரும் பகைவன் என்று கருதியதில்லை. நம் வரிப்பணத்தையும், அதனால் நடக்கும் சேவையையும் அவ்வாறே நோட்டம் பார்க்கும் கடமை இன்று நம் ஒவ்வொருவருக்கும் உரியது. அக்கடமையின் முதற்படி, ஒரு தாளை எடுத்து, தெளிவான ஒரு கேள்வியை எழுதுவதேயாகும்.